சோர்ந்துபோன சபை ஊழியர்களுக்கு: சூரைச்செடியின் கீழிருந்து மறுபடி எழும்ப ஒரு முழுமையான வழிகாட்டி

ஊழியத்தில் சோர்ந்துபோன ஒருவருக்கு நம் சபைகளில் பெரும்பாலும் இரண்டு ஆலோசனைகள்தான் கிடைக்கின்றன. ஒன்று, "இன்னும் அதிகமாக ஜெபியுங்கள், மூன்று நாள் உபவாசம் எடுங்கள்." இன்னொன்று, "முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கர்த்தர் வேறொருவரை எழுப்புவார்." முதலாவது ஏற்கனவே காலியான உடம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் பிழியப் பார்க்கிறது. இரண்டாவது, அழைப்பையே கேள்விக்குள்ளாக்குகிறது. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி எலியா வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்டபோது கர்த்தர் இந்த இரண்டையும் சொல்லவில்லை. முதலில் தூங்கவிட்டார். சாப்பாடு கொடுத்தார். மறுபடி தூங்கவிட்டார். அப்புறம் நடக்க வைத்தார், பேசவிட்டுக் கேட்டார். அதன்பிறகுதான் வேலை கொடுத்தார், அந்த வேலைக்குக் கூடவே ஓர் ஆளையும் கொடுத்தார்.

இந்த வரிசை முக்கியம் என்பதே நான் சொல்ல வருவது. சோர்ந்த ஊழியர்கள் பலர் எல்லாவற்றையும் செய்கிறார்கள், ஆனால் தலைகீழாகச் செய்கிறார்கள். புது திட்டத்தில் தொடங்கி ஆஸ்பத்திரியில் முடிக்கிறார்கள். கீழே உள்ள படிகள் எலியாவின் வரிசையில் இருக்கின்றன. போதகர், மூப்பர், மிஷனெரி, வாலிபர் கூட்டத்தை நடத்துகிறவர், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பொறுப்பாளர் என யார் வேண்டுமானாலும் பின்பற்றலாம். ஒரே வாரத்தில் முடிகிற காரியம் இல்லை, சில மாதங்கள் எடுக்கும்.

படி 1: இப்போது எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள்

எலியா "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொன்னது தோல்வியின் நாளில் இல்லை. கர்மேல் பர்வதத்தில் அக்கினி இறங்கி, மூன்று வருஷத்துக்கும் மேலான பஞ்சம் முடிந்து மழை பெய்த பிறகு சொன்னது. அன்று முழுவதும் நின்று, ஜெபித்து, மழையில் ராஜாவாகிய ஆகாபின் இரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் வரைக்கும் ஓடியிருந்தார். அந்த உடம்போடு ஆகாபின் மனைவி யேசபேலின் கொலை மிரட்டலைக் கேட்டார்.

நம் ஊர் சபை நாட்காட்டியும் அப்படித்தான் ஓடுகிறது. டிசம்பர் முழுக்க இரவிரவாகக் கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை, 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை. பொங்கலுக்குள் போதகரின் குரலும் போய்விடுகிறது, மனசும் போய்விடுகிறது. லெந்து காலம் வந்தால் நாற்பது நாள் கூட்டங்கள், பெரிய வெள்ளியன்று ஏழு வார்த்தைகள், ஈஸ்டர் அதிகாலை. கன்வென்ஷன் முடிந்த திங்கட்கிழமையும் இதே கதைதான். ராஜினாமா கடிதத்தை எழுதத் தோன்றுகிற நாட்கள் இவை, எழுதவே கூடாத நாட்களும் இவைதான். ராஜினாமா, இடமாற்றம் கேட்பது, கமிட்டியில் ஒருவரோடு உறவை முறித்துக்கொள்வது, கட்டட வேலையைத் தொடங்குவது ஆகிய நான்கையும் குறைந்தது மூன்று மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

தள்ளிவைத்துவிட்டு, எந்த வகைச் சோர்வு என்று பாருங்கள். உடம்பு களைத்திருக்கிறதா? ஒரு துக்கம் ஆறாமல் இருக்கிறதா (சொந்த வீட்டில் நடந்த மரணமாக இருக்கலாம், வருஷம் முழுக்க நீங்கள் நடத்திய அடக்க ஆராதனைகளாகவும் இருக்கலாம்)? யாரோ காயப்படுத்தியிருக்கிறார்களா? யாருக்கும் தெரியாத பாவம் ஒன்று உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறதா? பணக் கவலையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பாவத்துக்கு லீவு மருந்தாகாது, அறிக்கையிடுதல்தான் மருந்து. தூக்கக் குறைவுக்கு அறிக்கையிடுதல் மருந்தாகாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், வேலையில் தீராத அழுத்தத்தால் வரும் முழுச்சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகி அதன்மேல் கசப்பு வருவது, செய்வதால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது. ஊழியத்தில் இந்த மூன்றும் எப்படித் தெரியும்? திருவிருந்து கொடுக்கும்போதே மனசு வேறெங்கோ இருக்கும். விசுவாசியின் போன் வந்தால் எரிச்சல் வரும். நல்ல பிரசங்கம் செய்துவிட்டு இறங்கும்போதும் "இதனால் என்ன ஆகப்போகிறது" என்று தோன்றும். மூன்றும் சேர்ந்து மாதக்கணக்கில் இருந்தால், அதை விசுவாசக் குறைவு என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

படி 2: தூக்கம், சாப்பாடு, வைத்தியர்

தூதன் எலியாவைத் தட்டி எழுப்பியபோது அவர் தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. இரண்டாம் தடவை எழுப்பும்போது தூதன் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." சாப்பிடாவிட்டால் போய்ச் சேரமாட்டாய் என்று பரலோகமே சொல்கிறது. கண்டிப்பு ஒரு வார்த்தைகூட இல்லை.

எனவே முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்கு உபவாசத்தை நிறுத்திவையுங்கள். முழு இரவு ஜெபத்தை வேறொருவர் நடத்தட்டும். இரவு பத்து மணிக்குப் படுத்து, தூக்கம் தானாகக் கலைகிறவரைக்கும் தூங்குங்கள். "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று 127-ஆம் சங்கீதம் சொல்கிறது. அதிகாலை நாலு மணி ஜெபத்தை விடமுடியாது என்கிறவர்கள் இரவு எட்டரைக்குப் படுக்கத்தான் வேண்டும். இரவு பதினொன்றுக்கு வீட்டு ஜெபம் முடித்து வந்து நாலு மணிக்கு எழுந்திருப்பதைப் பக்தி என்று வருஷக்கணக்கில் நாம் பாராட்டிவந்திருக்கிறோம். அந்தப் பாராட்டு நல்ல ஊழியர்கள் பலரைப் படுக்கையில் தள்ளியிருக்கிறது.

சாப்பாடும் அப்படித்தான். வீடு சந்திக்கப் போகிற இடமெல்லாம் காபி, மிக்சர், கேக். மறுத்தால் மனம் நோகும் என்று எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டு, வீட்டுச் சாப்பாட்டை மூன்று மணிக்குச் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை ஏறுவதில் ஆச்சரியம் இல்லை. இந்த வாரமே இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு நான்கையும் பரிசோதித்துப் பாருங்கள். தைராய்டு குறைவும் இரத்தசோகையும் அச்சு அசல் ஆவிக்குரிய வறட்சி மாதிரியே உணர வைக்கும். வயிற்றுக்காகவும் அடிக்கடி வந்த பலவீனங்களுக்காகவும் என்ன குடிக்கவேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். அப்போஸ்தலனுக்கு அது தாழ்ந்த விஷயமாகத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "செத்துப்போனால் தேவலை" என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த படிக்குக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், மனநல வைத்தியரைப் பாருங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். எலியாவுக்கும் அந்த எண்ணம் வந்தது. அதற்காகக் கர்த்தர் அவரைத் தள்ளிவிடவில்லை.

படி 3: உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

எலியா வனாந்தரத்துக்குள் போகுமுன் பெயெர்செபாவில் ஒரு காரியம் செய்தார். தன் வேலைக்காரனை அங்கேயே விட்டுவிட்டார். சோர்ந்த தலைவர்கள் முதலில் செய்வது இதுதான்: கூட இருக்கிற ஒரே ஆளையும் விட்டுவிட்டுத் தனியாகப் போவது. பிறகு ஓரேப் பர்வதத்தில் அவர் கர்த்தரிடம் சொன்ன வாக்கியம் "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்." ஆனால் நூறு தீர்க்கதரிசிகளைத் தான் கெபிகளில் ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்த செய்தியை, அதற்கு முந்தின அதிகாரத்திலேயே ஆகாபின் அரண்மனை அதிகாரி ஒபதியா அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். தெரிந்த விஷயமே சோர்வில் மறந்துபோகிறது.

கர்த்தர் உடனே திருத்தவில்லை. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கேட்டார். எலியா புலம்பினார். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, மெல்லிய சத்தம் எல்லாம் கடந்தபிறகும் மறுபடி அதே கேள்வி. எலியாவும் அதே புலம்பலை ஏறக்குறைய வார்த்தை மாறாமல் சொன்னார். இரண்டு தடவையும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துதான், பாகாலை வணங்காத ஏழாயிரம் பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று சொன்னார்.

இதை எப்படிச் செய்வது? ஒரு நோட்டை எடுங்கள். கர்த்தரிடம் நேரடியாக எழுதுங்கள், பிரசங்க நடையில் எழுதவேண்டாம். 13-ஆம் சங்கீதத்தையும் 42-ஆம் சங்கீதத்தையும் வாசித்துவிட்டு எழுதத் தொடங்கினால் கை வரும். மிகவும் இருட்டாக இருக்கிற நாளில் 88-ஆம் சங்கீதம். அது ஒரு நம்பிக்கை வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அப்படியேதான் வேதத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்தோத்திரத்தில் முடிக்கவேண்டும் என்ற கட்டாயம் உங்கள் ஜெபத்துக்கும் இல்லை.

அப்புறம் ஒரு மனிதர். உங்கள் சபையைச் சேராதவர், உங்கள் இடமாற்றத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லாதவர், வாயைக் கட்டக்கூடியவர். ஓய்வுபெற்ற போதகர் ஒருவராக இருக்கலாம், வேறு ஸ்தாபனத்தில் ஊழியம் செய்கிற பழைய செமினரி நண்பராக இருக்கலாம். மாதம் ஒருமுறை நேரில் சந்திப்பது நல்லது. மக்கெதோனியாவில் வெளியே போராட்டமும் உள்ளே பயமுமாக இருந்தபோது தேவன் தன்னை ஆறுதல்படுத்தினது தீத்து வந்ததினாலே என்று பவுல் எழுதுகிறார். கடைசிச் சிறைவாசத்தில் அதே பவுல் தீமோத்தேயுவிடம் துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார், புஸ்தகங்களையும் கேட்கிறார், மாரிகாலத்துக்கு முன்னால் வந்துசேரும்படி கெஞ்சுகிறார். குளிருகிறது, நீ வா என்று கேட்பதில் அவருக்கு வெட்கம் இருக்கவில்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டுவது வேறு விஷயம். பாஸ்டரம்மாக்கள் பலர் கணவரின் சோர்வையும் சபையின் குறைகளையும் சேர்த்துச் சுமக்கிறார்கள், அவர்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கும் இந்தப் படி தனியாகத் தேவை, தனியாக ஒரு தோழியும் தேவை.

படி 4: பிரசங்கத்துக்காக இல்லாமல் வேதத்தை வாசியுங்கள்

எந்த வசனத்தைத் திறந்தாலும் மூன்று குறிப்புகள் தானாக மனசில் ஓடுகிறதா? வருஷக்கணக்கில் மற்றவர்களுக்காகவே வாசித்ததன் விளைவு அது. ஒரு சுவிசேஷத்தை எடுத்து, நாளுக்குப் பத்துப் பதினைந்து வசனம், குறிப்பு எடுக்காமல், வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். அதிலிருந்து பிரசங்கம் செய்வதில்லை என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் சங்கீதத்தையே ஜெபமாக வாசிக்கலாம், சின்ன வயதில் பாடின கீர்த்தனை ஒன்றைப் பாடலாம். உணர்ச்சி வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள்.

படி 5: பாரத்தை இறக்குங்கள்

இந்தப் படியில் நிறைய நேரம் செலவழியுங்கள். தூங்கி எழுந்து, அழுது முடித்து, பழைய வேலைப்பட்டியலுக்கே திரும்பினால் ஆறு மாதத்தில் மறுபடி அதே சூரைச்செடிதான்.

மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் தீர்த்ததைப் பார்த்த மாமனார் எத்திரோ "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார். நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். ஜனங்களும் என்பதைக் கவனிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் போதகரே வேண்டும் என்கிற சபையில் விசுவாசிகளும் வரிசையில் நின்று களைத்துத்தான் போகிறார்கள்.

ஒரு வாரம் நீங்கள் செய்கிற எல்லா வேலைகளையும் தாளில் எழுதுங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கினது, மைக் செட்காரருக்குப் போன் செய்தது, ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதினது, ஸ்கூல் அட்மிஷனுக்கு யாருக்கோ சிபாரிசுக்குப் போனது எதையும் விடாதீர்கள். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் இந்த மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: "நான்தான்", "வேறொருவர்", "யாருமே வேண்டாம்". "நான்தான்" என்பதில் பிரசங்கம், திருவிருந்து, ஆத்தும ஆலோசனை, மரணப்படுக்கையில் ஜெபம் ஆகியவை இருக்கும். அதற்குமேல் போனால் ஒவ்வொன்றையும் சந்தேகப்படுங்கள். மோசேக்கும் கடினமான வழக்குகள் மட்டும்தான் மிஞ்சின.

"வேறொருவர்" என்ற பட்டியலைக் கொடுக்கும்போது எத்திரோ சொன்ன தகுதிகளை வைத்துக்கொள்ளுங்கள்: திறமை, தேவபயம், உண்மை, பொருளாசையை வெறுப்பது. காணிக்கை எண்ணுவதையும் கணக்கையும் முதலில் கொடுங்கள். எண்ணும்போது இரண்டு பேர் இருக்கட்டும், நீங்கள் அதில் ஒருவராக இருக்கவேண்டாம். பணம் சம்பந்தப்பட்ட சந்தேகப் பேச்சு மாதிரி ஊழியரை அரிப்பது வேறொன்று இல்லை. வீடு சந்திப்பைத் தெருவாரியாக மூப்பர்களுக்குப் பிரித்துக்கொடுங்கள். பெண்களுக்கும் வாலிபருக்கும் பொறுப்பு கொடுக்கத் தயங்காதீர்கள். ஓய்வுநாள் பாடசாலையை அவர்கள்தான் ஏற்கனவே தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையான தடை ஆள் இல்லாதது என்று நான் நினைக்கவில்லை. எண்ணாகமம் 11-இல் மோசே "இந்த ஜனங்கள் எல்லாரையும் நான் ஒருவனாய்த் தாங்கக்கூடாது" என்று கதறினபோது கர்த்தர் எழுபது மூப்பர்களைக் கொடுத்தார். எல்தாத், மேதாத் என்ற இருவர் பாளயத்துக்குள் தீர்க்கதரிசனம் சொல்ல, யோசுவா பதறிப்போய்த் தடுக்கச் சொன்னார். மோசே மறுத்தார். ஜனங்கள் எல்லாரும் தீர்க்கதரிசனம் சொன்னால் நலமாயிருக்குமே என்றார். நாம் ஒப்படைத்த ஆள் நம்மைவிட நன்றாக ஜெபிக்கிறார், ஜனங்கள் அவரைத் தேடிப் போகிறார்கள் என்று தெரிந்தபிறகும் அந்தப் பொறுப்பைத் திரும்பப் பிடுங்காமல் இருக்க முடிகிறதா என்று நேர்மையாகப் பாருங்கள்.

படி 6: வாரத்தில் ஒரு நாள்

ஞாயிறு உங்களுக்கு ஓய்வுநாள் இல்லை. திங்களையோ செவ்வாயையோ எடுங்கள், ஆராதனையில் வெளிப்படையாக அறிவியுங்கள். அன்றைக்கு மரணமும் ஆஸ்பத்திரி அவசரமும் மட்டும்தான், அதற்கும் முதலில் ஒரு மூப்பரின் நம்பருக்குக் கூப்பிடட்டும். சபை வாட்ஸ்அப் குழு அன்று அமைதியில் இருக்கட்டும். முதல் மாதம் முணுமுணுப்பு வரும். இயேசு சீஷர்களை "வனாந்தரமான ஓரிடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று கூப்பிட்டது, சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஜனங்கள் வந்துபோய்க்கொண்டிருந்த நேரத்தில்தான். கூட்டம் குறைந்தபிறகு ஓய்வு எடுக்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

படி 7: நீண்ட கணக்கு வையுங்கள்

இந்த வருஷம் எத்தனை ஞானஸ்நானம், காணிக்கை எவ்வளவு, பக்கத்து சபைக்கு எத்தனை குடும்பம் போயிற்று என்ற கணக்கே பல பேரைத் தளர்த்துகிறது. நம் மண்ணில் ஊழியம் செய்தவர்களின் காலக்கணக்கை ஒருமுறை பாருங்கள்.

ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். 1708-இல் டேனிஷ் கோட்டைத் தளபதியே அவரைச் சிறையில் போட்டார், சுமார் நான்கு மாதம். தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். பழைய ஏற்பாட்டை ரூத்வரைக்கும் மொழிபெயர்த்த நிலையில் 1719-இல் 36 வயதில் இறந்துபோனார். மிச்சத்தை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனெரி பெஞ்சமின் சூல்ட்சே. பாதியில் நின்ற அந்தக் கையெழுத்துப் பிரதி தோல்வியா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் தவறி விழுந்தபிறகு 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் ஒரு அறைக்குள்ளேயே இருந்தார். ஓடியாடின பெண் படுக்கையிலிருந்து எழுதினார், பிள்ளைகளுக்காக ஜெபித்தார். நிலைத்திருப்பது என்றால் அதே வேகத்தில் ஓடுவது என்று நினைக்கிறவர்களுக்காகவே அவரைச் சொல்கிறேன்.

வில்லியம் கேரியைப் பற்றி எல்லா மிஷனெரிக் கூட்டத்திலும் கேட்டிருப்பீர்கள். 1793-இல் வங்காளம் வந்து, 1800 டிசம்பரில்தான் முதல் விசுவாசியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றார், ஏழு வருஷம். 1812-இல் செராம்பூர் அச்சகம் எரிந்து கையெழுத்துப் பிரதிகள் சாம்பலானபோது மறுபடி தொடங்கினார். ஆனால் அவர் மனைவி டோரத்தியைப் பற்றி நம் மேடைகளில் சொல்வதே இல்லை. ஐந்து வயது மகன் பீட்டர் 1794-இல் இறந்தபிறகு அந்த அம்மாவின் மனம் கலங்கிப்போய், 1807-இல் மரிக்கும்வரை தேறவே இல்லை. கேரியின் விடாமுயற்சியை நான் மதிக்கிறேன். அதன் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தது யார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். உங்கள் ஊழியத்தின் விலையை உங்கள் வீட்டில் யார் கொடுக்கிறார்கள் என்று இந்த வாரமே கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலுக்கு விளக்கம் சொல்லாமல் உட்கார்ந்திருங்கள்.

குறை சொல்கிறவர்களை என்ன செய்வது?

நெகேமியா எருசலேமின் அலங்கத்தை 52 நாளில் கட்டி முடித்தார். இடையில் எதிராளியான சன்பல்லாத்து நாலு தடவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார், நாலு தடவையும் ஒரே பதில்: "நான் பெரிய வேலையைச் செய்கிறேன், நான் வரக்கூடாது." பெயர் போடாத கடிதத்துக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற குரல் பதிவுக்கும் அந்தப் பதில் போதும். ஆனால் அதே நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில், கடனுக்காகப் பிள்ளைகளை அடிமையாக்கின ஏழைகள் கூக்குரலிட்டபோது வேலையின் நடுவே நின்று கேட்டார், நடவடிக்கை எடுத்தார். எந்தக் குரல் எந்த வகை என்று பிரித்தறிய, மூன்றாம் படியில் சொன்ன அந்த வெளி மனிதரிடம் கேளுங்கள்.

படி 8: தொடர்வதா, ஒப்படைப்பதா

மூன்று மாதம் கழிந்து, நன்றாகத் தூங்கி, பாரம் கொஞ்சம் இறங்கியபிறகு இந்தக் கேள்வியை எடுங்கள். கர்த்தர் எலியாவை ஓரேபிலிருந்து திருப்பி அனுப்பினபோது கொடுத்த கட்டளைகளில் ஒன்று, அவர் ஸ்தானத்தில் தீர்க்கதரிசியாக எலிசாவை அபிஷேகம்பண்ணுவது. எலியா உடனே விலகவில்லை. எலிசா அவர் கூடவே நடந்தார், அவருக்கு ஊழியம் செய்தார்.

வேலை பிடிக்கவில்லையா, இந்த இடத்தில் வேலை முடிந்துவிட்டதா என்று பிரித்துப் பாருங்கள். ஆறுதலான மனநிலையிலும் "முடிந்தது" என்று தோன்றி, மனைவிக்கும் அந்த வெளி மனிதருக்கும் அப்படியே தெரிந்தால், ஒப்படைப்பதும் கீழ்ப்படிதல்தான். அப்போதும் ஒரே ஞாயிறில் பையைத் தூக்காதீர்கள். அடுத்தவரோடு சில மாதங்கள் கூடவே நடங்கள். சுயாதீன சபைகளில் பென்ஷனும் கிடையாது, சபை வீட்டைக் காலி செய்தால் போக இடமும் இல்லாத போதகர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தாலேயே அறுபத்தைந்து வயதிலும் விடமுடியாமல் நிற்பவர்களிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசுமுன் சபை அவர்களுக்கு ஒரு தொகையைச் சேர்த்துவைக்கவேண்டும்.

இதை வாசிக்கிற கமிட்டி உறுப்பினர்களுக்கு: அடுத்த கூட்டத்தில் கட்டட நிதிக்கு முன்னால், நம் போதகர் கடைசியாக எப்போது இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் லீவு எடுத்தார் என்று கேளுங்கள். யாருக்கும் நினைவில்லை என்றால் அங்கேயே தேதியைக் குறியுங்கள், அந்த ஞாயிறுகளில் யார் பிரசங்கிப்பது, திருவிருந்துக்கு யாரை அழைப்பது, அடக்கம் வந்தால் யார் போவது என்று பெயர்களை மினிட்ஸில் எழுதுங்கள், போக்குவரத்துச் செலவுக்கு ஒரு தொகையையும் ஒதுக்கிவிட்டு, அப்புறம் கட்டட நிதிக்குப் போகலாம்.